உயர்கல்விக் கணிப்பீடும் பயிற்சி மாநாடுகளும்

'கற்பித்தோம்' என்று சொல்லுதல் எவர்க்கும் எளிது. 'கற்றனர்' என்று காட்டுதல் அரிது. ஆசிரியர் ஒரு மணி நேரம் விரிவுரை நிகழ்த்தினார் என்பதற்கு நேரசூசி சான்று பகரும். அவ்விரிவுரை மாணவர் உள்ளத்திற் சென்று தங்கிற்றா, தங்கியது அறிவாக மலர்ந்ததா என்பதற்குச் சான்று யாது? நெடுங்காலமாக இவ்வினாவுக்குப் பரீட்சை என்னும் ஒரு சொல்லே விடையாக நின்றது. இன்றோ இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் புதிதாக நியமனம் பெறும் விரிவுரையாளர், பதவியில் உறுதிப்படுத்தப்படுமுன் கற்பித்தற் பயிற்சி நெறியொன்றை முடித்திருத்தல் வேண்டும். அந்நெறியில் மாணவர் கற்றலைக் கணிப்பிடுதல் தவறாது இடம்பெறும் பகுதியாகும். இதன்பொருட்டு ஆசிரியர்கள் இரண்டு மூன்று நாட்கள் ஓரிடத்திற் கூடிப் பயிற்சி மாநாடுகளும் பயிலரங்குகளும் நடத்துகின்றனர். இம்முயற்சி போற்றத்தக்கதே. ஆயினும் இம்மாநாடுகளில் எது பேசப்படுகிறது, எது பேசப்படாது விடப்படுகிறது என்பதை ஆராய்தல் நம் கடன். பண்டாரவளையையும் பதுளையையும் சூழ்ந்த தோட்டப்புறத்து மாணவரை மனத்திற்கொண்டு இவ்வாராய்ச்சியை ஈண்டு நிகழ்த்துவோம்.

முதற்கண் சொற்களை நோக்குவோம். நம் நாட்டுக் கல்வியியலார் கணிப்பீடு என்றும் மதிப்பீடு என்றும் இரு சொற்களை வேறுபடுத்தி வழங்குவர். மாணவன் எவ்வளவு கற்றான் என்பதற்குச் சான்று திரட்டுதல் கணிப்பீடு. அச்சான்றைக்கொண்டு இது நன்று, இது போதாது என்று தீர்மானித்தல் மதிப்பீடு. இவ்வேறுபாடு பயனுடையது. சான்று பிழைபட்டதாயின் தீர்ப்பு எத்துணை நடுநிலையானதாயினும் பிழைபட்டதே ஆகும். எனவே சான்றைப் பற்றிய கவலையே முதலாவது கவலை. பயிற்சி மாநாடுகளிற் பெரும்பொழுது தீர்ப்பைப் பற்றிய பேச்சிற் கழிகின்றது. தரப்புள்ளிகள், வகுப்புச் சித்திகள், அட்டவணைகள் ஆகியன விரிவாகப் பேசப்படும். சான்றாகிய விடைத்தாளை ஒருவரும் கையிலெடுப்பதில்லை. இக்கட்டுரையின் குறை கூறல் இதனையே பற்றியது.

கணிப்பீடு என்பது மேனாட்டார் நமக்குப் புதிதாகக் கற்றுத்தந்த வித்தை என்று எண்ணுதல் பொருந்தாது. பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் இயல்பைக் கூறியதுபோலவே மாணாக்கர் இயல்பையும் கூறினார். அன்னமும் ஆவும் போல்வார் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடைமாணாக்கர். இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பன போல்வார் கடைமாணாக்கர். நாவலரவர்கள் மாணவர்க்கென உரை வகுத்தளித்த அந்நூலைப் பயின்ற நம் முன்னோர்க்கு இப்பாகுபாடு மனப்பாடம். இதிற் குறை இல்லாமல் இல்லை. இது கற்றலைக் கணிப்பிடுவதைவிடக் கற்பவனையே முத்திரையிட்டு வைக்கின்றது. எருமை என்று பெயர்பெற்றவன் அடுத்த ஆண்டு ஆவாக மாறுதற்கு அதில் வழி கூறப்படவில்லை. எனினும் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. சொன்னதைச் சொல்லும் கிளியை முனிவர் தலைவரிசையில் வைக்கவில்லை. அவ்வகையில் அவர் நம் வினாத்தாள்கள் பலவற்றிலும் கூரிய பரீட்சகர். நாம் கிளிக்கு முதல் வகுப்பு வழங்கியிருக்கிறோம்.

அப்பாயிரத்திலேயே இன்னொரு செய்தியும் உண்டு. ஆசிரியர் உரைத்ததைச் செவ்வனே கேட்டாலும் காற்பங்கு அறிவே கைகூடும். உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும். பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது அதன் கருத்து. இதனை இன்றைய கணிப்பீட்டு மொழியிற் பெயர்த்துக் கூறின், மாணவன் கற்றதைப் பிறனொருவனுக்கு விளங்கவைக்கும் காட்சியே அவன் கற்றலுக்குச் சிறந்த சான்று என்பதாகும். நம் பல்கலைக்கழகப் பரீட்சைகளிலோ மாணவன் தன்னிலும் நன்றாக அறிந்த பரீட்சகருக்கே எழுதுகிறான். அறிந்தவருக்கு எழுதும்போது பாதியை விழுங்கிவிடுதல் இயல்பு. அறியாதவருக்கு எழுதுக என்று ஒரு வினா அமைந்தால் எத்தனை முதல் வகுப்புகள் நிலைத்து நிற்கும் என்பது ஐயமே.

இனி, நம் நாட்டு உயர்கல்வியின் பரீட்சை மரபு எவ்வாறு தோன்றியது என்பதைச் சுருங்க நோக்குவோம். 1921ஆம் ஆண்டு கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியபோது அது தன் மாணவரை இலண்டன் பல்கலைக்கழகத்து வெளிவாரிப் பட்டப் பரீட்சைகளுக்கே ஆயத்தம் செய்தது. கற்பித்தவர் இங்கே; பரீட்சித்தவர் ஆங்கே. 1942ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் அமைந்து, சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதல் துணைவேந்தரானபோது இந்நிலை மாறிற்று. கற்பித்தவரே பரீட்சகரும் ஆயினர். ஆயினும் பழக்கம் எளிதில் மாறுவதில்லை. கடல்கடந்த ஒருவருக்காக மூன்று மணி நேரம் நான்கைந்து கட்டுரை எழுதும் முறை அப்படியே தங்கிவிட்டது. மாணவனை நாள்தோறும் கண்டு பழகும் ஆசிரியர், அவனை ஒருபோதும் கண்டறியாதவர்போல ஆண்டிறுதியிற் பரீட்சித்தார். சுட்டெண்ணுக்குள் பெயரை மறைப்பது நேர்மைக்கு வேண்டியதே. அதனோடு சேர்த்து ஆண்டு முழுவதும் திரட்டிய அறிவையும் மறந்துவிட வேண்டுமா என்பதே கேள்வி. பிற்காலத்தில் அரையாண்டுப் பருவமுறையும் இடைக்காலக் கணிப்பீடுகளும் புகுந்து இக்குறையை ஒருவாறு குறைத்தன. பல துறைகளில் அவையும் சிறிய இறுதிப் பரீட்சைகளாகவே நடைபெறுகின்றன.

பயிற்சி மாநாடுகளிற் பெரிதும் பேசப்படும் பெயர் பெஞ்சமின் புளூம் என்னும் அமெரிக்கருடையது. 1956ஆம் ஆண்டு அவரும் அவர்தம் தோழரும் வெளியிட்ட நூல், கல்வி நோக்கங்களை அறிதல், விளங்கல், பிரயோகித்தல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடல் என ஆறு படிகளாக வகுத்தது. இப்படிமுறை நம் நாட்டில் மந்திரம்போல ஓதப்படுகின்றது. ஆனால் அது பிறந்த வரலாறு அத்துணை ஓதப்படுவதில்லை. 1948ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரில் உளவியலார் மாநாடொன்றுக்கு வந்திருந்த கல்லூரிப் பரீட்சகர் சிலர் தனியே கூடினர். ஒருவர் ஆக்கிய வினாவை மற்றொருவரும் பயன்படுத்தல் வேண்டும். அதற்குப் பொதுவான பெயரீடு வேண்டும் என்பதே அவர்தம் விருப்பம். ஆகவே அந்நூலின் பிறப்பிடம் வினாக்கள் பரிமாறப்பட்ட ஒரு மேசை. தத்துவ மண்டபம் அன்று. புளூம் 1957ஆம் ஆண்டு இந்தியா வந்து இடைநிலைப் பாடசாலை ஆசிரியர்க்குப் பரீட்சைச் சீர்திருத்தம் பற்றிய பயிலரங்குகளும் நடத்தினார். அதற்குச் சில ஆண்டுகளின் முன், இராதாகிருஷ்ணன் தலைமையிலமைந்த இந்தியப் பல்கலைக்கழகக் கல்வி ஆணைக்குழு சீர்திருத்தங்களுள்ளே பரீட்சைச் சீர்திருத்தத்துக்கே முதலிடம் தந்திருந்தது.

நம் மாநாடுகளோ மேசையை விட்டுவிட்டுப் பெயரீட்டை மட்டும் எடுத்துக்கொண்டன. வினைச்சொற்களின் பட்டியல் ஒன்று வழங்கப்படும். 'விளங்கிக்கொள்வர்' என்று எழுதலாகாது, அஃது அளத்தற்கரியது. 'விளக்குவர்', 'ஒப்பிடுவர்', 'நிரற்படுத்துவர்' என்றே எழுதுக என்பர். விரிவுரையாளர் தம் பாட அலகின் நோக்கங்களை அவ்வாறே திருத்தி எழுதுவர். அடுத்த பரீட்சையில் வினாத்தாள் மட்டும் முன்னிருந்தபடியே வரும்! 2012ஆம் ஆண்டு வெளிவந்த இலங்கைத் தகைமைச் சட்டகம் இப்போக்கை மேலும் உரப்படுத்திற்று. அறிவு, திறன், மனப்பாங்கு, மனவமைப்பு என நால்வகைப் பேறுகளைப் பட்டதாரியிடம் அது எதிர்பார்க்கின்றது. எதிர்பார்த்தல் தவறன்று. மனவமைப்பை இரண்டு மணி நேர எழுத்துப் பரீட்சையால் எங்ஙனம் கணிப்பிடுவது என்பதைச் சொல்லித்தரும் பொறுப்பு மாநாட்டுக்கு உரியது. அவ்விடத்திற் படவில்லைகள் விரைந்து நகர்ந்துவிடுகின்றன.

விடைத்தாளைக் கையிலெடுத்தால் என்ன நேரும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. டாக்காப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த சேர் பிலிப் ஹார்ட்டொக், ரோட்ஸ் என்பாருடன் சேர்ந்து 1935ஆம் ஆண்டு பரீட்சைகளையே பரீட்சித்து ஒரு நூல் வெளியிட்டார். வரலாற்றுப் பாட விடைத்தாள்கள் 15 தெரிந்தெடுக்கப்பட்டன. அவை யாவும் முன்னர் ஒரே நடுத்தரப் புள்ளியைப் பெற்றவை. அவற்றை அனுபவமிக்க பரீட்சகர் தனித்தனியே திருத்தினர். ஓராண்டும் அதற்கு மேலும் கழிந்தபின் அவர்களுள் 14 பேரிடம் அதே விடைத்தாள்கள் மீண்டும் கொடுக்கப்பட்டன. 14 பேர் 15 தாள்களுக்கு வழங்கிய தீர்ப்புகள் 210. அவற்றுள் 92 தீர்ப்புகள் முதலிற் கூறியதினின்றும் மாறுபட்டன. தோற்றவன் தேறினான், திறமைச் சித்தி பெற்றவன் அதனை இழந்தான். இங்கே ஒருவர்க்கொருவர் முரண்பட்டதைவிட, ஒருவர் தம்மொடு தாமே முரண்பட்டமை எண்ணி வியத்தற்குரியது. அவர்கள் பொறுப்பற்றவர் அல்லர். நம்மிற் பலரினும் பழகிய கையினர்.

இதனோடு நம் நாட்டுப் பல்கலைக்கழக அனுமதியை ஒப்பிட்டு நோக்குக. 2001ஆம் ஆண்டு முதல் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு இசட் புள்ளியாக வெளியிடப்படுகின்றது. ஒருவன் பெற்ற புள்ளி அப்பாடத்தின் சராசரியினின்றும் எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைப் பரவலின் அளவாற் பிரித்துக் காணும் முறை அது. எளிய பாடம், கடிய பாடம் என்னும் வேறுபாட்டைச் சமப்படுத்துவதற்கு அது நல்ல உபாயம். ஆயினும் அப்புள்ளி நான்கு தசம தானம் வரை எழுதப்படுகின்றது. மனிதக் கண் படித்துத் திருத்திய தாளின் மேல் நான்கு தசம தானத் துல்லியத்தை ஏற்றிவைத்தல், கருங்கல் நிறுக்கும் தராசிற் பொன் நிறுத்து அதன் எடையைக் குன்றிமணியிற் கூறுவது போன்றதே. 2011ஆம் ஆண்டுப் பரீட்சையிற் பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் என்னும் இரு தொகுதியினரையும் ஒன்றாகக் கலந்து கணித்தமையால் எழுந்த வழக்கில், 2012ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அப்புள்ளிகளைத் தள்ளிவைத்து மீளக் கணிக்குமாறு பணித்தமை பலர்க்கும் நினைவிருக்கும். கணக்கிற் பிழை நேர்ந்தால் நீதிமன்றம் உண்டு. திருத்திய கண்ணின் தடுமாற்றத்துக்கு எந்த மன்றமும் இல்லை.

கணிப்பீட்டில் நம்பிக்கை குலைந்தால் என்ன விளையும் என்பதையும் இந்நாடு அறியும். 1970ஆம் ஆண்டளவில், தமிழ்ப் பரீட்சகர் தமிழ் மாணவர்க்கு மிகைப்புள்ளி வழங்கினர் என்றொரு கதை பரவிற்று. அதற்குச் சான்று நிறுவப்படவில்லை. எனினும் அதன்பின் மொழிவழித் தரப்படுத்தலும், தொடர்ந்து மாவட்டப் பங்கீடும் வந்தன. அவற்றின் அரசியல் விளைவுகளை ஆராய்தல் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இங்கே கூற வேண்டுவது ஒன்றே: இரு மொழியிலும் எழுதப்பட்ட விடைத்தாள்களை இரு மொழியும் அறிந்த பரீட்சகர் ஒன்றாக அமர்ந்து படித்து, இது சமம், இது சமமன்று என்று உலகறியக் காட்டும் வழக்கம் அந்நாளில் வேரூன்றியிருக்குமாயின், வதந்திக்கு இத்துணை வலி வந்திராது.

நிற்க. ஊவாவுக்கு வருவோம். 1945ஆம் ஆண்டு கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் நற்பயனுக்குப் புறத்தே நின்றன. தோட்ட நிருவாகத்தின் ஓரறைப் பள்ளியில் ஓராசிரியர் பல வகுப்புகளைக் கட்டி ஆண்ட காலம் 1970களில் அரசு அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கும் வரை நீடித்தது. ஒரு தலைமுறை பிந்திப் புறப்பட்டவரை முந்திப் புறப்பட்டவரோடு ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிடுதல் நேர்மையன்று என்பதனாலேயே மாவட்டப் பங்கீட்டை ஆதரிப்பவர் உளர். பல ஆண்டுகளாக வழங்கிவரும் முறையில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 இடங்கள் மாவட்டங்களுக்கும், 5 இடங்கள் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படும். பதுளையும் மொனராகலையும், அதாவது ஊவா முழுவதும், பின்தங்கியவற்றுள் அடங்கும். ஆனால் மாவட்டம் என்னும் அளவுகோல் பண்டாரவளை நகரத்துப் பெரிய பாடசாலையையும், லயத்திலிருந்து இறங்கிவரும் பிள்ளையின் பாடசாலையையும் வேறுபிரித்து அறியாது. உயர்தர விஞ்ஞானப் பிரிவைத் தமிழிற் கற்பிக்கும் பாடசாலைகள் இம்மாகாணத்திற் சிலவே.

இத்தடைகளையெல்லாம் கடந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் புகுந்தது என்று கொள்வோம். 2005ஆம் ஆண்டு பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. நாட்டின் விளைபொருள்களுக்குப் பெறுமதி சேர்த்தல் என்னும் நோக்கத்தோடு தோன்றிய அப்பல்கலைக்கழகத்திலே தேயிலைத் தொழினுட்பத்துக்கென்றே ஒரு பட்டநெறி வகுக்கப்பட்டது. தேயிலை நாட்டின் நடுவே தேயிலைப் பட்டம்! மகிழத்தக்க செய்தி. போதனா மொழி ஆங்கிலம். இது அப்பல்கலைக்கழகத்துக்கு மட்டும் உரியதன்று. விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் ஆகியன எங்கணும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. பதின்மூன்று ஆண்டு தமிழிற் கற்றுத் தமிழிற் பரீட்சை எழுதித் தகுதி பெற்ற மாணவி, சில கிழமை ஆங்கிலப் பயிற்சியின்பின் ஆங்கிலத்திற் பரீட்சிக்கப்படுகிறாள்.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். நமுனுகுல மலைச்சாரலில் ஒரு தோட்டத்துப் பிள்ளை அவள். தாய் கொழுந்தெடுப்பவர், தந்தை தொழிற்சாலையில் வேலைசெய்பவர். கருந்தேயிலை ஆக்கத்தில் நொதித்தல் என்று வழங்கும் நிலை யாது, அதனை நிறுத்துவது எங்ஙனம் என்பது வினா. ஆங்கிலத்திலும் தொழிற்சாலை வழக்கிலும் அதற்கு நொதித்தல் எனப் பொருள்படும் பெயரே வழங்குகின்றது. உண்மையில் அங்கே கள் புளிப்பதுபோல நுண்ணுயிர் எதுவும் தொழிற்படுவதில்லை. உருட்டுதலால் இலையின் கலங்கள் உடைகின்றன. இலையிலுள்ள பல்பீனோல்கள் நொதியத்தின் துணையால் வளியின் ஒட்சிசனோடு சேர்கின்றன. பச்சை செம்பாகி, நிறமும் உறைப்பும் தரும் பொருள்கள் பிறக்கின்றன. அஃது ஒட்சியேற்றமே. உலர்த்தும் வெப்பம் நொதியத்தைச் செயலறச் செய்யும்போது அது நிற்கும். தமிழில் இரசாயனம் கற்ற அவளுக்கு ஒட்சியேற்றத்துக்கும் நொதித்தலுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரியும். எப்பொழுது நிறுத்த வேண்டும் என்பதை நிறத்தாலும் மணத்தாலும் அறியும் கலையையோ அவள் தந்தையிடமிருந்து சிறுவயதிலேயே கேட்டிருப்பாள்.

அவள் எழுதுகிறாள். பெயர் தவறானது, இது நொதித்தல் அன்று என்ற கருத்தை முறிந்த ஆங்கில வாக்கியத்தில் எழுதுகிறாள். எழுவாய்க்குப் பயனிலை ஒவ்வவில்லை. ஒரு கலைச்சொல் எழுத்துப் பிழைபட்டிருக்கிறது. மற்றொன்று நினைவுக்கு வராமையால் 'சூட்டில் அது செத்துப்போகும்' என்ற பொருளில் எழுதிவிடுகிறாள். புள்ளி வழங்கும் திட்டத்தில் எதிர்பார்க்கப்படும் சொற்கள் ஐந்து; விடையில் இருப்பவை இரண்டு. ஒரு பரீட்சகர் பத்துக்கு மூன்று இடுகிறார். இன்னொருவர் வாக்கியத்தின் ஊடே கருத்தைக் கண்டு ஏழு இடுகிறார். அடுத்த சுட்டெண்ணுக்குரிய மாணவன் விரிவுரைக் குறிப்பை எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்து, நொதித்தல் என்பதை நொதித்தல் என்றே எழுதி எட்டுப் பெறுகிறான். பவணந்தியார் இவ்விருவரையும் எவ்வரிசையில் வைத்திருப்பார் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இங்கே கணிப்பிடப்பட்டது யாது? தேயிலை பற்றிய அறிவா, ஆங்கில நடையா? இரண்டும் கலந்த ஓர் எண்ணாயின், அவ்வெண் இரண்டையும் பற்றி எதையும் தெளிவாகச் சொல்லாது. அளக்க எண்ணியதை அளக்காத கருவி எத்துணை ஒழுங்காக அளந்தாலும் பயனில்லை. பயிற்சி மாநாடுகளில் இக்கொள்கை ஓர் இலக்கணமாகச் சொல்லப்படுகின்றது. இலக்கணத்துக்கு உதாரணம் காட்டவேண்டிய இடத்தில் அமெரிக்காவிலிருந்தோ அவுஸ்திரேலியாவிலிருந்தோ ஓர் உதாரணம் வருகின்றது. பதுளையிலிருந்து வருவதில்லை.

இதற்கு மறுப்புக் கூறுவோர் உளர். இரக்கத்தாற் புள்ளி வழங்கினால் தரம் தாழும் என்பர். இரக்கப் புள்ளியை நாமும் வேண்டேம். அது பெறுபவளுக்கு இழிவு. கருத்து இருக்குமிடத்திற் புள்ளி வழங்குதல் இரக்கமன்று, கணக்கு. இன்னும் சிலர், உலகத்தோடு வாணிகம் செய்யும் துறைக்கு ஆங்கிலமும் வேண்டிய பேறுதானே என்பர். நல்ல வாதம். அப்படியாயின் அதனை நோக்கங்களுள் ஒன்றாக வெளிப்படையாக எழுதி, அதற்கெனத் தனியே புள்ளி வகுத்து, தனியே கற்பித்துத் தனியே கணிப்பிடுக. தேயிலைப் பாடத்தின் புள்ளிக்குள் ஆங்கிலத்தை ஒளித்துவைத்து இரண்டுக்கும் சேர்த்துக் குறைத்தல் முறையன்று. முதலாண்டு வினாத்தாளை மும்மொழியிலும் அச்சிடுதல், கலைச்சொல் அகராதியைப் பரீட்சை மண்டபத்தில் அனுமதித்தல், ஐயத்துக்கிடமான விடைக்குப் பத்து நிமிட வாய்மொழி வினா வைத்தல் ஆகியன செய்யக்கூடாத செயல்கள் அல்ல. முந்நூறு விடைத்தாள் கட்டோடு இரவிற் கண்விழிக்கும் விரிவுரையாளருக்கு இவை சுமையாகும் என்பதை அறிவோம். எல்லா விடைக்கும் வேண்டாம். எல்லைக்கோட்டில் நிற்பவற்றுக்குப் போதும்.

கணிப்பீட்டிற் சொல்லுக்கும் மனிதத் தீர்ப்புக்கும் உள்ள உறவை அறிய வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. தேயிலைக் கைத்தொழிலே நல்ல ஆசிரியன். ஆடி ஆவணியில் மலையைத் தாண்டி வரும் வறண்ட காற்றினால் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஊறுகின்றது. அம்மணத்தின் விலையைத் தீர்மானிப்பது தராசு அன்று, நாக்கு. 1883ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்பு ஏலத்திற் சுவைஞர் தீர்ப்புக்கே இன்றும் மதிப்பு. நாக்கோ ஆளுக்கு ஆள் வேறுபடும். அவ்வேறுபாட்டை அத்துறையினர் எவ்வாறு ஆண்டனர்? சுவைத்தற்குரிய நிலைமைகளை முதலில் ஒன்றாக்கினர். 1980ஆம் ஆண்டு வெளியான சர்வதேச நியமத்தின்படி 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை. ஊறும் நேரம் 6 நிமிடம். அதன்பின் காய்ந்த தேயிலை, ஊறிய இலை, வடிந்த சாறு என்னும் மூன்றையும் நோக்குவர். புதிதாக வருபவர் பழகியவருடன் வரிசையாக நின்று, அதே கிண்ணங்களை அடுத்தடுத்துச் சுவைத்து, தம் தீர்ப்பை அவர் தீர்ப்போடு ஒத்துப்பார்த்து ஆண்டுக்கணக்கிற் பழகுவர். பட்டியலை மனனம் செய்து சுவைஞர் ஆனவர் எவருமிலர்.

இப்பயிற்சியே பல்கலைக்கழகப் பரீட்சகர்க்கும் வேண்டும். பண்டாரவளையில் ஒரு பயிற்சி மாநாடு கூடுமாயின் அது பின்வருமாறு அமைக என்று விரும்புகிறோம். முதல் அமர்வில் வரவேற்புரைகள் முடிந்ததும் பெயரும் சுட்டெண்ணும் நீக்கிய பன்னிரண்டு விடைத்தாள்களின் பிரதி ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கப்படுக. அவற்றிற் பாதி, தமிழிலோ சிங்களத்திலோ பாடசாலைக் கல்வி கற்று ஆங்கிலத்தில் எழுதியவர்களுடையவையாக இருத்தல் வேண்டும். ஒருவரோடொருவர் பேசாது புள்ளியிடுக. புள்ளிகளைக் கரும்பலகையில் எழுதுக. ஒரே தாளுக்கு மூன்றும் ஏழும் வந்திருப்பதைப் பேராசிரியரும் இளம் விரிவுரையாளரும் ஒருங்கே காண்க. அப்பொழுது எழும் வாதமே மாநாட்டின் பொருள். மூன்று இட்டவர் தாம் எதைத் தேடினார் என்பதையும், ஏழு இட்டவர் தாம் எதைக் கண்டார் என்பதையும் விளக்குவர். புளூமின் படிகளும் தகைமைச் சட்டகமும் அவ்விடத்திலே தேவைப்படின் அழைக்கப்படுக. மறுநாட் காலை அதே தாள்களை மீண்டும் திருத்துக. தம்மொடு தாமே எத்துணை முரண்பட்டனர் என்பதை அவரவர் அறிந்துகொள்வர். அதனைப் பிறர்க்குக் காட்ட வேண்டியதில்லை.

பாடசாலை ஆசிரியரை ஆயத்தம் செய்யும் பண்டாரவளை பிந்துனுவெவக் கல்வியியற் கல்லூரியிலிருந்து ஒருவரையேனும் அம்மாநாட்டுக்கு அழைத்தல் நன்று. ஆசிரிய மாணவரின் கற்பித்தலை வகுப்பறையின் பின்வரிசையில் இருந்து கண்டு, அன்றே குறிப்புரை கூறிப் பழகியவர்கள் அங்கு உளர். பல்கலைக்கழகத்தார் அவரிடம் கற்பதற்கு நாணுதல் வேண்டா.

மூன்றாம் நாளுக்குரிய பொருள் இதனினும் கடியது. நம் பல்கலைக்கழகங்களிற் பொதுவாக இறுதிப் பரீட்சை விடைத்தாள் எழுதியவர் கைக்குத் திரும்புவதில்லை. ஓரெழுத்தாகிய தரப்புள்ளி மட்டும் அறிவித்தற் பலகையில் வரும். எங்கே தவறினோம் என்பதை அறியாமலே மாணவன் அடுத்த பருவத்துக்குச் செல்கிறான். தோட்டத்தில் மாலையிற் கொழுந்து நிறுக்கும்போது எத்தனை கிலோ நின்றது, கூடைக்கும் ஈரத்துக்குமாக எத்தனை கழிந்தது, கிடைத்தது முழுப்பேரா அரைப்பேரா என்பது எடுத்தவருக்கு அன்றே தெரிந்துவிடும். கழிவு மிகையென்று தோன்றினால் தராசடியிலேயே வாய்திறந்து கேட்பதும் உண்டு. அத்தாயின் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் அவ்வளவு உரிமையும் இல்லை. பத்துக்கு மூன்று கிடைத்தது சொல்லாலா பொருளாலா என்பதை அவள் அறிவதற்கு, திருத்திய தாளின் ஓரத்தில் இரண்டு வரிக் குறிப்பு எழுதி, புள்ளி வெளியான இரு கிழமைக்குள் அதனைப் பார்வையிட அனுமதித்தால் அமையும். முதலாண்டுப் பாடங்களில் மட்டுமேனும் இதனைத் தொடங்குதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை; விதிகளைச் சிறிது திருத்தக் கற்கை நிருவாகம் இசைந்து, பீடச்சபையொன்று ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் வரும் பருவத்திலேயே நடைபெறும்.